வேடமும் அன்பும்: பெரியபுராணத்து வன்செயல்கள் பற்றிய ஒரு நோக்கு

சமயத்தின் பெயரால் இரத்தம் சிந்தப்படும் ஒவ்வொரு தடவையும், அதன் பின்னர் ஒரு வாக்கியம் தவறாது கூறப்பட்டு வருகிறது. இதனைச் செய்தோர் தம் சமயத்தை உணராதோர் என்பதே அவ்வாக்கியமாகும். 1992 டிசெம்பரில் அயோத்தியிலே பாபர் மசூதி இடிக்கப்பட்டபோது இந்துக்களிற் பலர் இதனைக் கூறினர். 2014 யூனில் அளுத்கமையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரியூட்டப்பட்டபோது பௌத்தர்களிற் பலர் கூறினர். 2019 ஏப்பிரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250 பேருக்கு மேல் மாண்டபோது முஸ்லிம் அறிஞர்கள் கூறினர். கூறியோரின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆயினும் இக்கூற்று வசதியான ஒன்று என்பதை மறுத்தல் இயலாது. அது செயலைச் சமயத்துக்குப் புறத்தே நிறுத்திவிடுகிறது. தத்தம் நூல்களைத் திரும்பப் படிக்க வேண்டிய கடமையிலிருந்து நம்பிக்கையாளரை விடுவித்தும் விடுகிறது.

இக்கூற்று எத்துணை உண்மையுடையது என்பதைப் பிறர் நூல்களை வைத்துச் சோதிப்பதினும் எமது நூல்களை வைத்துச் சோதிப்பதே முறையாகும். அவ்வகையிற் சேக்கிழாரின் பெரியபுராணத்தைப் போலப் பொருத்தமான நூல் தமிழில் வேறில்லை. இரண்டாங் குலோத்துங்கன் காலத்தில், அதாவது 12 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், நாலாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களில் எழுந்த இக்காப்பியம் அடியார்களின் அன்பை மட்டுமன்றி அவர்தம் வன்செயல்களையும் பாடுகிறது. யானையையும் பாகரையும் வெட்டியவர், தந்தையின் தாளைத் துணித்தவர், சுற்றம் முழுவதையும் வாளுக்கு இரையாக்கியவர், அடியாரை இகழ்ந்தோரின் நாவை அரிந்தவர், அரசியின் மூக்கை அறுத்தவர் ஆகியோரெல்லாம் அறுபத்து மூவருள் இடம்பெற்றுள்ளனர். இவர்களை நாள்தோறும் கைகூப்பி வணங்கும் ஒரு மரபு, தீவிரவாதிகள் சமயத்தை அறியாதவர்கள் என்று எளிதிற் சொல்லிவிட்டு அப்பாற் செல்ல முடியாது.

இச்செயல்கள் நூல் வரலாற்றிலே வளர்ந்துவந்த முறையை முதலிற் கருதுதல் வேண்டும். சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையிற் பெரும்பாலான அடியாரை ஓரடியிலோ அரையடியிலோ பெயர் சுட்டி வணங்கிச் செல்கிறார். சண்டேசுரர் தந்தையின் தாளை எறிந்த செய்தி அங்கே வெளிப்படையாகவே உள்ளது. ஆனால் எறிபத்தரும் கோட்புலியாரும் வேலேந்திய வீரராக மட்டுமே காட்சி தருகின்றனர். கழற்சிங்கர் கடல் சூழ்ந்த உலகைக் காப்பவராகவும் செருத்துணையார் தஞ்சை மன்னராகவும் மட்டுமே சுட்டப்படுகின்றனர். யானையும் இல்லை, உறவினரும் இல்லை, அரசியும் இல்லை. நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதியிலே செயல்கள் சுருக்க வடிவம் பெறத் தொடங்குகின்றன. அங்கும் ஓர் அடியாருக்குப் பெரும்பாலும் ஒரு செய்யுள் என்ற வரையறை இருந்தமையால் செயலுக்கு இடமுண்டேயன்றிச் செயலுக்கு உள்ளானவருக்கு இடமில்லை. அவ்விடத்தை முதன்முதலில் ஏற்படுத்தியவர் சேக்கிழாரே. இது காப்பிய விரிவின் தவிர்க்கவியலாத விளைவு மட்டுமே என்று கொள்ளுதல் போதாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

தீவிரவாதியைப் பற்றி நாம் பேசும்போது இருவகை மனிதரை ஒன்றாக்கிக் குழப்பிவிடுகிறோம். முதல் வகையினனைச் சேக்கிழார் மெய்ப்பொருள் நாயனார் புராணத்தில் வரைந்து காட்டியுள்ளார். போரிலே மெய்ப்பொருளாரை வெல்ல இயலாத முத்தநாதன் மெய்யெல்லாம் நீறு பூசிச் சடை முடித்து, புத்தகக் கட்டு ஒன்றினுள்ளே படைக்கலத்தை மறைத்துக்கொண்டு அரண்மனை புகுகிறான். எங்கும் கிடைக்காத ஓர் ஆகமத்தை உபதேசிக்க வந்ததாகக் கூறி, அரசர் தரையில் அமர்ந்து வணங்கும்போது கட்டை அவிழ்த்துத் தான் நினைத்ததை முடிக்கிறான். சாத்திரத்தின் உறைக்குள்ளிருந்து ஆயுதம் வெளிப்படும் இக்காட்சியை 12 ஆம் நூற்றாண்டுப் புலவர் ஒருவர் கற்பனை செய்துள்ளமை எண்ணுதற்குரியது. ஆனால் முத்தநாதன் சமயத் தீவிரவாதி அல்லன். அவனுக்கு நீற்றிலே நம்பிக்கையில்லை. அது அவனுக்கு வெறும் கருவி. சமயத்தைக் கருவியாக்கும் அரசியல்வாதிகள் எக்காலத்தும் முத்தநாதனின் வழித்தோன்றல்களே. அவர்களைச் சமயம் அறியாதோர் என்று கூறுவதிற் பிழையில்லை. அறிய வேண்டிய தேவையும் அவர்களுக்கில்லை.

சிக்கலை எழுப்புபவன் இரண்டாம் வகையினன். அவன் நடிப்பதில்லை. நீற்றையும் வேடத்தையும் உயிரினும் மேலாக மதிக்கிறான். அம்மதிப்பின் காரணமாகவே வெட்டுகிறான். எறிபத்தர் அத்தகையவர். கருவூரிலே இறைவனுக்கெனச் சிவகாமியாண்டார் கொண்டுசென்ற பூக்கூடையைப் புகழ்ச்சோழ மன்னனின் பட்டத்து யானை பறித்துச் சிதறுகிறது. முதியவரான ஆண்டார் துரத்திச் செல்லமுடியாது விழுந்து ஓலமிடுகிறார். அதைக் கேட்ட எறிபத்தர் மழுவை ஏந்தி யானையின் துதிக்கையைத் துணித்து, உடன்வந்த பாகர் முதலிய ஐவரையும் கொல்கிறார். சிந்திய மலர்களுக்கு ஈடாக ஐந்து மனித உயிர்கள். ஐவரும் யானையைத் தடுக்கத் தவறினர் என்பதே அவர் கண்ட குற்றம். தடுக்க முடிந்ததா என்ற வினா அவருக்கு எழவில்லை.

இப்புராணத்தின் உயிர்நிலை, கொலைக்குப் பின்னர் நிகழ்வதிலேயே தங்கியுள்ளது. பகைவர் செயல் எனக் கருதிப் படையுடன் வந்த மன்னன், எதிரே நிற்பவர் சிவனடியார் என்பதைக் கண்டதும் குதிரையினின்றும் இறங்குகிறான். பிழை நேராதிருப்பின் இவர் கொன்றிருக்கமாட்டார் என எண்ணி, அடியாருக்குத் தீங்கிழைத்த யானையையும் பாகரையும் கொன்றது போதாது, அவற்றுக்கு உடையவனாகிய தன்னையும் கொல்லவேண்டும் என்று கூறித் தன் வாளை நீட்டுகிறான். எறிபத்தர் அதிர்ச்சியடைகிறார். மன்னன் தன்னைத் தானே மாய்த்துக்கொள்வானோ என அஞ்சி வாளை வாங்குகிறார். இத்துணை அன்புடையவருக்குத் துன்பம் விளைத்த தமக்குத் தம்முயிரை முடிப்பதே தீர்வு என எண்ணி அவ்வாளைத் தம் கழுத்திலே பூட்டி அரியத் தொடங்குகிறார். மன்னன் அவரது கையைப் பிடித்துத் தடுக்கிறான். இறைவாக்கு எழுகிறது, யானையும் பாகரும் எழுகின்றனர்.

எறிபத்தர் புதிய சாத்திரம் எதையும் இங்குக் கற்கவில்லை என்பதை அவதானித்தல் வேண்டும். அடியார் வேடம் போற்றற்குரியது என்ற கோட்பாடு மழுவை ஓங்கும்போதும் அவரிடம் இருந்தது. வாளைக் கழுத்தில் வைக்கும்போதும் அதுவே இருந்தது. மன்னனிடம் இருந்ததும் அதே கோட்பாடே. தம் கோட்பாட்டையே தம்மிலும் ஆழமாகப் பற்றிநின்ற ஒருவன், அக்கோட்பாட்டின் முழுச் சுமையையும் தன் தலையில் ஏற்றுக்கொள்ள முன்வந்தமையே எறிபத்தரை மாற்றியது. சேக்கிழார் இதனைத் தற்செயலாக அமைத்தாரல்லர். அதே புகழ்ச்சோழர் தமக்குரிய புராணத்தில், அதிகனை வென்று படையினர் கொணர்ந்த தலைக்குவியலிலே சடைமுடியுடைய தலை ஒன்றைக் கண்டு, அதனைப் பொற்கலத்தில் ஏந்தித் தீயிற் புகுகிறார். மெய்ப்பொருளார் தம்மைக் குத்தியவனை வெட்ட வந்த தத்தனைத் தடுத்து, அவனை ஊரெல்லை வரை காவலுடன் அனுப்பிவைத்த பின்னரே உயிர்விடுகிறார். ஏனாதிநாதர் பகைவனின் நெற்றியில் நீற்றைக் கண்டதும் போர்த்தொழிலைக் கைவிட்டு வெட்டுப்படுகிறார். இவர்கள் அனைவரும் வேடத்தை எறிபத்தரிலும் குறைவாக மதித்தோரல்லர். ஒரே நம்பிக்கை ஒரு சாராரிடத்துப் பிறரின் குருதியையும், மறுசாராரிடத்துத் தம் குருதியையும் கேட்கிறது. ஆகவே தீவிரவாதியின் குறைபாடு சமய அறிவின்மை என்று கூறுவதிலும் பார்க்க, தான் அறிந்த விதியைத் தன்மீது செலுத்திப் பாராமை என்று கூறுவதே பொருந்தும். தீக்குளித்தல் முதலியவற்றை நாம் இங்கு மெச்சவில்லை. வேடப் பற்று எத்திசையிற் பாய்கிறது என்பதே எமது கவனத்துக்குரியது.

எறிபத்தருக்கு ஒரு புகழ்ச்சோழர் கிடைத்தார். கோட்புலியாருக்கு அவ்வாறு ஒருவரும் கிடைக்கவில்லை. சோழரின் படைத்தலைவரான நாட்டியத்தான்குடிக் கோட்புலியார் கோயிலமுதுக்கென நெற்கூடுகள் கட்டிவைத்து, அதைத் தொடலாகாது எனச் சுற்றத்தாரிடம் ஆணையும் பெற்றுக்கொண்டு போர்மேற் செல்கிறார். பஞ்சம் வருகிறது. பசியால் இறப்பதினும் இந்நெல்லை உண்டு பிழைத்துப் பின்னர் ஈடுசெய்வோம் என உறவினர் கருதுகின்றனர். திரும்பி வந்த கோட்புலியார் அதனை அறிந்து, எல்லோருக்கும் ஆடையும் பொருளும் தருவதாக அழைத்து, வாயிலிலே காவலாளன் ஒருவனை நிறுத்திவிட்டுத் தந்தை, தாய், உடன்பிறந்தார், மனைவியர், சுற்றத்தார், ஏவலாளர் அனைவரையும் கொன்று முடிக்கிறார். ஓர் ஆண்குழந்தை எஞ்சுகிறது. அப்போது காவலாளன் மன்றாடுகிறான்: இக்குழவி அந்த அன்னத்தை உண்டதில்லை, குடிக்கு எஞ்சிய ஒரே மகன், இதனை விட்டருளும். நெல்லுண்டவளின் முலைப்பாலை இது உண்டது என்று விடையளித்துக் கோட்புலியார் அதனையும் துணிக்கிறார்.

இச்சிறு புராணத்தைப் பன்முறை படித்தபோதும் நாம் தரித்து நின்ற இடங்கள் இரண்டு. ஒன்று, பசித்தவரின் நியாயத்தைப் புலவர் அவர்கள் வாயாலேயே கூறவைத்தது. மற்றையது காவலாளனின் மன்றாட்டு. கோட்புலியாரின் உறுதியை மட்டும் பாராட்ட விரும்பிய புலவருக்கு இவ்விரண்டும் வேண்டுவனவல்ல, மாறாக இடையூறானவை. காவலாளனின் சொற்கள் இல்லாதிருப்பின் குழந்தையின் கொலை பட்டியலில் ஒன்றாக மறைந்திருக்கும். சேக்கிழார் அதனை மறையவிடவில்லை. இறுதியில் இறைவன் தோன்றி, உன் வாளால் இறந்தோர் மேலுலகம் எய்துவர் என அருள்கிறான் என்பது உண்மையே. ஆனால் அவ்வருள் காவலாளனின் வினாவுக்கு விடையாகாது. கோட்புலியாரின் பதிலிலே தருக்கம் குறைவுபடவில்லை என்பதையும் நோக்குக. விலக்கப்பட்ட நெல் பாலாயிற்று, பால் குழந்தையாயிற்று, எனவே குழந்தையும் குற்றமுடையது. விதியை அறியாதவன் இப்படிப் பேசமாட்டான். விதியை மட்டுமே அறிந்தவனே இப்படிப் பேசுவான்.

இது சைவத்துக்கு மட்டும் நேர்ந்த இடரன்று. இசுலாமிய வரலாற்றின் முதல் நூற்றாண்டிலேயே காரிஜிகள் எனப்பட்டோர் தோன்றினர். தீர்ப்பளிக்கும் உரிமை இறைவனுக்கே உண்டு என்னும் திருமறைக் கருத்தை முழக்கமாக்கி அவர்கள் கலீபா அலி அவர்களுக்கு எதிராகப் பிரிந்தனர். 658 இல் நஹ்ரவானிற் போரிட்டுத் தோற்றனர். 661 இல் அவர்களுள் ஒருவனே அலி அவர்களைக் கொன்றான். இவர்கள் திருமறையை ஓதாதவர்களல்லர். இரவெல்லாம் ஓதித் தொழுதவர்கள் என்றே அவர்களின் எதிரிகளும் எழுதிவைத்தனர். வழியிலே கிடந்த ஒரு பேரீச்சம் பழத்தை உரியவரின் அனுமதியின்றி உண்ண மறுத்தவர்கள், அதே பயணத்தில் நபித்தோழர் ஒருவரின் மகனையும் அவரது கருவுற்ற மனைவியையும் கொன்றனர் என வரலாற்றாசிரியர் கூறுவர். பேரீச்சம் பழத்தையும் கோட்புலியாரின் நெல்லையும் அருகருகே வைத்துப் பார்ப்பது எமக்குப் பயனுடையதாகத் தோன்றுகிறது. நுண்ணிய பேணுதலும் பெருங்கொடுமையும் ஒருவனிடத்தே ஒருங்கு வாழமுடியும்.

எதிர்த்தரப்பினர் எழுப்பக்கூடிய வலுவான தடை இனித்தான் வருகிறது. வன்செயல்களைச் சைவ சாத்திரமே ஏற்றுக்கொண்டிருக்க, அவற்றைச் சமயத்தின் அரைகுறை உணர்வு என நாம் எவ்வாறு கூறமுடியும்? அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், இறைவனடிக்கு அன்பர் செய்யும் பாவமும் அறமாகும். அன்பில்லாதோர் செய்யும் புண்ணியமும் பாவமாகும் என்ற கருத்தைத் தெளிவாகவே கூறியுள்ளார். தக்கனின் பெருவேள்வி தீமையாக முடிந்ததையும், சிறுவராகிய சண்டேசுரரின் பாதகம் நன்மையாக முடிந்ததையும் அதற்கு உதாரணம் காட்டியுமுள்ளார். இச்செய்யுளைச் சமாதானம் கூறி மழுப்புவோரோடு நாம் உடன்படுவதற்கில்லை. அது கூறுவது அதுவேதான்.

ஆயினும் அக்கூற்று யாருடைய நிலையில் நின்று கூறப்பட்டது என்பதை ஆராய்தல் தகும். செயல் முடிந்தபின், செய்தவரின் அன்பை அளந்தறிய வல்ல ஒருவன் வழங்கிய தீர்ப்பு அது. தக்கனும் தன் வேள்வியை அறமென்றே எண்ணினான். தன்னை அன்பிலான் என அவன் கருதியிருக்கமாட்டான். செய்யுளின் இரண்டாம் பாதி செய்பவனின் தன்னம்பிக்கைக்கு எதிரான எச்சரிக்கையாகும். முதற்பாதியைப் படித்து, நான் அன்பன், ஆகவே என் பாவம் அறம் என்று முடிவுகட்டுபவன், தீர்ப்பை முன்கூட்டியே தனக்குத்தானே எழுதிக்கொள்கிறான். அவன் அச்செய்யுளின் சொற்பொருளை அறிந்தவன். அதிலே தான் தக்கனாகவும் இருக்கக்கூடும் என்பதை அறியாதவன். சண்டேசுரரும் சாத்திர ஆதாரம் தேடிக் கோலை எடுத்தவரல்லர். பாற்குடத்தைத் தந்தை காலால் இடறிய கணத்திலே கையிற் கிடைத்த கோல் மழுவாயிற்று. முன்கூட்டித் திட்டமிட்டு, ஆதாரச் செய்யுளும் தேடிவைத்துக்கொண்டு செய்யப்படும் கொலைக்கு அவரை முன்னோடியாகக் காட்டுவது பொருந்தாது.

சேக்கிழாரின் நுண்ணுணர்வை அளவுக்கு மீறிப் புகழ்வதும் ஆய்வு நேர்மையாகாது. கழற்சிங்கரின் தேவி திருவாரூர்க் கோயிலில் வீழ்ந்து கிடந்த பூவொன்றை மோந்தமைக்காகச் செருத்துணையார் அவளது மூக்கை அறுக்க, பூவை எடுத்த கையே முதலில் தண்டிக்கத்தக்கது எனக் கணவரான மன்னர் கையைத் துணிக்கிறார். இங்கே காவலாளன் ஒருவன் இல்லை. அவளுக்காகப் பேச எவருமில்லை. இரு ஆடவர் பக்தியிற் போட்டியிடுவதாகவே காட்சி முடிகிறது. எறிபத்தர் புராணத்தை எழுதிய கை இங்கு உறங்கிவிட்டதோ என்றே எண்ணத் தோன்றுகிறது.

மதுரையிற் சமணர் கழுவேறிய செய்தி இதனினும் பாரதூரமானது. வாதில் தோற்ற எண்ணாயிரவர் கழுவேறினர் என்பது கதை. சம்பந்தரின் தேவாரத்திற் சமண பௌத்தக் கண்டனம் பதிகந்தோறும் பெரும்பாலும் பத்தாம் பாடலில் இடம்பெற்றிருப்பினும் கழுவேற்றம் பற்றிய பேச்சில்லை. கழுகுமலையிலும் மதுரையை அடுத்த சமணர் மலையிலும் 8 ஆம், 9 ஆம் நூற்றாண்டுகளுக்குரிய சமணச் சிற்பங்களும் கல்வெட்டுகளும் உள்ளமையால், பாண்டி நாட்டிற் சமணம் பின்னரும் வாழ்ந்தமை தெளிவு. நீலகண்ட சாஸ்திரியார் இதனை வரலாறாகக் கொள்ளவில்லை. நிகழாத ஒன்றைப் பற்றி ஏன் கவலைகொள்ள வேண்டும் என்று சிலர் வினவலாம். நிகழாதிருப்பின் கவலை கூடுமேயன்றிக் குறையாது. தான் செய்யாத ஒரு படுகொலையைச் செய்ததாகப் பெருமையுடன் நினைவுகூர ஒரு சமூகம் விரும்பியது என்பதன்றோ அதன் பொருள்? பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அது ஒரு தனிப் படலமாகவே விளங்குகிறது. சேக்கிழார் இங்கு ஒரு கணம் தயங்குகிறார் என்பதையும் குறிப்பிடல் வேண்டும். சம்பந்தருக்குச் சமணர்மீது பகையில்லை. எனினும் அடியார் வாழ்ந்த மடத்துக்கு அவர்கள் தீங்கிழைத்தமையால் மன்னனின் செயலை விலக்காதிருந்தார் என்பது அவர் தரும் விளக்கம். பகையில்லை என்று கூறவேண்டியிருந்ததும், விலக்காமைக்குக் காரணம் காட்டவேண்டியிருந்ததும் அவர் உள்ளத்தில் ஒரு நெருடல் இருந்தமையைக் காட்டுகின்றன. பெருமையுடன் கூறுபவன் காரணம் காட்டுவதில்லை.

சமய மோதல்களுக்குச் சமயத்திலன்றிச் சமூக பொருளாதார அடிப்படையிலேயே விளக்கம் காணவேண்டும் என்பது ஈழத்துத் திறனாய்வில் வலுப்பெற்ற ஒரு நோக்காகும். பேராசிரியர் க. கைலாசபதி 1966 இல் வெளிவந்த 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' என்னும் நூலிற் பக்தி இயக்கத்தை நிலவுடைமையாளருக்கும் வணிகருக்கும் இடையிலான முரண்பாட்டுடன் இணைத்து நோக்கினார். சமண எதிர்ப்பின் வேகத்தை விளக்க அந்நோக்கு பெரிதும் உதவுகிறது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின் கோட்புலியாரின் வீட்டினுள்ளே வணிகரும் இல்லை, சமணரும் இல்லை. கொன்றவரும் கொல்லப்பட்டோரும் ஒரே குடியினர், ஒரே சமயத்தினர். புறக்காரணங்கள் அனைத்தையும் கணக்கிட்ட பின்னரும் எஞ்சிநிற்கும் ஒன்றைப் பற்றியே நாம் பேசுகின்றோம்.

மெய்கண்டாரின் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் சூத்திரம் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் இறைவனெனத் தொழுமாறு விதிக்கிறது. எறிபத்தரின் மழுவுக்கும் மெய்ப்பொருளாரின் பொறைக்கும் சாத்திர ஆதாரமாகக் காட்டப்படுவது இதுவே. ஆனால் சூத்திரம் வேடம் எனப் பொதுப்படக் கூறவில்லை. மயக்கம் நீங்கி அன்பு மிகுந்தோரின் வேடம் என அடைகொடுத்தே கூறுகிறது. மெய்ப்பொருளார் அவ்வடையைப் புறக்கணித்து, அன்பில்லாதவனின் வேடத்தையும் வணங்கினார். அதற்குரிய விலையைத் தம் உயிராற் செலுத்தினார். வேடத்துக்காகப் பிறரை வெட்டுவோரும் அவ்வடையை மறந்தவர்களே. அவர்களிடத்து விலையைச் செலுத்துவோர் பாகர்களும் பால்குடி மாறாத குழந்தையும். பெரியபுராணத்தை வகுப்பறையிற் கற்பிக்கும்போது நாயன்மாரின் செயல்களைச் சுருக்கிக் கூறும் வழக்கம் எம்மிடையே உண்டு. சுருக்கும்போது மழுவும் வாளும் எஞ்சுகின்றன. புகழ்ச்சோழர் நீட்டிய வாளும் காவலாளனின் மன்றாட்டும் முதலில் உதிர்ந்துவிடுகின்றன. கோட்புலியார் புராணத்தைப் பாடமாக்குவதானால் அக்காவலாளனின் சொற்கள் இருக்கும் செய்யுளையும் சேர்த்தே பாடமாக்குதல் வேண்டும். அச்செய்யுளை விட்டுவிடுவதாயின் அப்புராணத்தையே விட்டுவிடுதல் நன்று.